இல்லைன்னு சொன்ன தெரு

— அதெல்லாம் எனக்குத் தெரியாது சிவசங்கரி. அன்னிக்கு எங்க வீட்டுக்கு ‘இல்ல’ன்னு எழுதுன பாரு, அத அடிச்சுட்டு ‘ஆமா’ன்னு எழுது. நான் பாட்டுக்குப் போயிடறேன்.

— துர்காக்கா, மொதல்ல உக்காருங்க. முதலியார்பேட்டையிலேர்ந்து இந்த வெயில்லயா வந்தீங்க?

— உக்காரதுக்கு வர்ல. குடிய வுடறதுக்கு மாத்திரை குடுக்கற ஆஸ்பத்திரி ஒண்ணு எங்க தெரு முனையில வர்றதா இருந்துச்சு. சுண்ணாம்புகூட அடிச்சாங்க. இப்ப வேற எடத்துக்குப் போயிடுச்சு. ஏன்னு கேட்டா, இங்க குடிக்கிறவங்களே இல்லைன்னு ஆராய்ச்சியில வந்துருச்சாம். யாரு பண்ண ஆராய்ச்சின்னா, உன் பேரச் சொல்றாங்க.

— நான் வேணாம்னு சொல்லலக்கா. எந்தத் தெருவுல எத்தன வீட்ல குடிப்பழக்கம் இருக்குன்னு சர்வே எடுத்தேன். அத வெச்சு, எங்க தேவையோ அங்க கொண்டுபோயிட்டாங்க.

— நல்லா இருக்குதே கத! ரெண்டு சாராயக்கடைக்கு நடுவுல கெடக்கறோம், எங்களுக்குத் தேவ இல்லியா? உனக்கு மட்டும் பட்டம் வந்துருச்சு. டாக்டராமே நீ இப்ப?

— மாத்திரை எழுதற டாக்டர் இல்லக்கா. உங்க தெருவுல ஒவ்வொரு கதவாத் தட்டுனேன். ஒருத்தர்கூட ஆமான்னு சொல்லல. ‘டீயத் தவிர எங்க வீட்டுக்காரரு எதையும் தொடமாட்டாரு’ன்னு நீங்க சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க.

— பின்ன என்னா சொல்றதாம்? எங்க அபிய அப்பதான் பொண்ணு பாத்துட்டுப் போயிருந்தாங்க. அப்பங்காரன் குடிகாரன்னு வாசல்ல நின்னு வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் சொல்லுவாங்களா?

— உங்க பேரு வெளிய வராதுன்னு சொன்னேனே.

— பேரு வராது. தெரு வருமே! குடிகாரத் தெருன்னு ஆயிட்டா எவன் வந்து பொண்ணு எடுப்பான்? நீ பக்கத்துத் தெருவுல கேட்டுக்கிட்டு இருக்கறப்பவே குழாயடியில பேசி வெச்சுட்டோம். அந்தப் பொண்ணு வந்து கேட்டா எல்லாரும் இல்லைன்னுதான் சொல்லணும்னு. நிர்மலாதேவி வீட்ல அப்பனும் புள்ளையும் ஒண்ணா உக்காந்து குடிக்கறாங்க. அவளும் இல்லைன்னுதான சொன்னா?

— பேசி வெச்சா சொன்னீங்க? அத்தன வீடும்?

— ஆராய்ச்சின்னா பட்டம் வாங்கறதுக்குப் பண்றதுன்னு நெனச்சோம்மா. நீ எழுதுவ, காலேஜ்ல வாங்கி பீரோவுல பூட்டிருவாங்க, நமக்கு என்னா போச்சுன்னு இருந்துட்டோம். வாசப்படியில நின்னு சொன்ன ஒரு வார்த்தை எங்க வீட்டு மாத்திரையவே தூக்கிட்டுப் போவும்னு யாரு கண்டா?

— நான் வெளக்கியிருக்கணும்க்கா. கேள்விய மட்டும் கேட்டேன். எதுக்குக் கேக்கறேன்னு சொல்லாமப் போயிட்டேன். தப்புதான்.

— சரி, இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல. மாத்தி எழுது.

— முடியாதுக்கா. எடுத்து முடிச்ச தகவல என் இஷ்டத்துக்கு மாத்துனா அது ஆராய்ச்சியே இல்ல, பொய்.

— இப்ப இருக்கறது மட்டும் நெசமாக்கும்?

— மறுபடியும் சர்வே எடுக்கணும்னு எழுதிக் கேக்கறேன். அனுமதி வாங்கி முடிக்க வருஷம் ஆயிடும். அதுவரைக்கும் கோரிமேட்டுல பெரிய ஆஸ்பத்திரியில இதே மாத்திரை குடுக்கறாங்க. பஸ் ஏத்தி அனுப்புங்க.

— பஸ்ஸா! நல்லா சொன்ன போ. அனுப்புன ஒவ்வொரு வாட்டியும் நடுவுல எறங்கி ஊத்திக்கிட்டுத்தான் வந்தாரு. நான் ஒரு நாளு வேலைக்குப் போவலன்னா அடுப்பு எரியாது, கூடவே எப்டிப் போவ முடியும்? தெரு முனையில இருந்தா கையப் புடிச்சு இழுத்துக்கிட்டாவது போவேன். இப்ப கண்ணெல்லாம் மஞ்சளாயி, வயிறு ஊதிக் கெடக்கறாரு. இனிமே ஒரு சொட்டு உள்ள போனா ஆளு தங்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு.

— அவரும் மனசு வெக்கணும்க்கா. நிறுத்தணும்னு அவருக்கே தோணணும்.

— தோணிட்டாலும்! கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ‘நான் குடிக்கறேன், என்னால வுட முடியல’ன்னு அந்த மனுசன் வாயத் தொறந்து சொன்னதே இல்ல. கேட்டா அடிக்க வருவாரு. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ ஒத்துக்கிட்டிருந்தா, ஊரு சிரிச்சா சிரிச்சுட்டுப் போவுதுன்னு நானும் உன்கிட்ட உள்ளதச் சொல்லியிருப்பேன். என்னா, ஏன் தலயக் குனியற?

— ஒண்ணுமில்லக்கா.

— ஒண்ணுமில்லன்னா என் மூஞ்சியப் பாத்துப் பேசு.

— அன்னிக்கு உங்க வீட்டவிட்டு எறங்கி நாலு வீடு தள்ளிப் போறதுக்குள்ள, அபி அப்பா பின்னாடியே வந்தாரு. ‘அவ சொன்னது பொய்யும்மா. நான் குடிக்கறேன். வுட முடியல. எனக்கு எதனா பண்ணச் சொல்லி எழுதிக்கம்மா’ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு.

— அவரா? எங்க வீட்டுக்காரரா சொன்னாரு?

— ஆமாக்கா.

— அப்புறம் ஏன்டி எழுதல?

— நிக்க முடியாமத் தள்ளாடுனாரு. போதையில இருக்கறவங்க சொல்றத எடுத்துக்கக் கூடாதுன்னு விதி. தெளிவா இருந்தவங்க நீங்க, நீங்க சொன்னதத்தான் எழுதுனேன்.