செத்தவர்கள் பேசக்கூடாது

எங்கள் அணியில் எல்லாரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சியாளருக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம், தலையில் பேருக்குக்கூட முடி இல்லை, அவரும் அக்கா என்பார். நீங்களும் அப்படியே கூப்பிடலாம், சார். 'விசாரிக்கப்படுபவர்' என்று நீட்டி முழக்கினால் வேறு யாரையோ சொல்வதுபோல இருக்கிறது.

உண்மையில் நான் ஒருத்திக்குத்தான் அக்கா. என் தங்கை சிட்டு என்றால் உங்களுக்கே தெரியும், அவளுக்குப் போஸ்டர் போட்ட காலம் ஒன்று இருந்தது. கணினியில் ஐந்துக்கு ஐந்தாக ஆடும் துப்பாக்கி விளையாட்டில், எதிரி இருக்கும் அறைக்குள் முதலில் பாய்வது அவள் வேலை. எப்போது பாய வேண்டும் என்று சொல்வது என் வேலை. வேவுக் கேமரா என் திரையில் மட்டும்தான் ஓடும். உள்ளே இருப்பவன் தோட்டா மாற்ற ஆரம்பித்ததும் நான் "வா" என்பேன், அவள் பாய்வாள். ஏன், எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

எங்கள் வீட்டில் அம்மா இல்லை. அப்பாவுக்குக் கை நடுங்கும் நோய். கடைசிக் காலத்தில் டம்ளரைக்கூட நான்தான் பிடித்துக் குடிக்கவைக்க வேண்டியிருந்தது. சிட்டுவுக்குத் தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்தது எல்லாம் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

அவள் உச்சத்தில் இருந்தபோது ஒரு பெரிய அணி அவள்மேல் கண் வைத்தது. அவர்களுடைய மேலாளர் எங்கள் இரண்டு பேரையும் காபி குடிக்க அழைத்தார். "தங்கச்சியை எங்ககிட்ட விட்டுடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றார், பெண் கேட்டு வந்தவர்போல.

"அப்ப நான்?" என்றேன்.

"நீங்கதான் இத்தனை வருஷம் ஆடிட்டீங்களே. கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சிட்டு செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். "நீ வரலைன்னா நான் போகமாட்டேன்க்கா." எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா, ஒரு வருஷம் மட்டும் போய்ப் பாக்கட்டுமா?" என்றாள்.

அந்த 'ஆனா' என் காதிலேயே நின்றுவிட்டது, சார். இன்னும் போகவில்லை.

"போயேன், யார் வேண்டாம்னா? இந்த சீசன் முடியட்டும்" என்றேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அடுத்த ஆட்டத்திலிருந்து "வா"வைக் கொஞ்சம் தாமதித்தேன். அதிகமில்லை, ஒரு மூச்சு. அதற்குள் எதிரி தோட்டா மாற்றி முடித்திருப்பான். அவள் உள்ளே போவாள், சுடப்படுவாள். நான் தாமதித்தேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தான்தான் தாமதமாகப் போனதாக நினைத்தாள்.

எங்கள் அணியில் ஒரு விதி உண்டு: செத்தவர்கள் பேசக்கூடாது. ஆட்டத்தில் சுடப்பட்டதும் மைக்கை அணைத்துவிட வேண்டும். மிச்சம் இருப்பவர்களுக்கு எதிரியின் காலடிச் சத்தம் கேட்க வேண்டுமே. சிட்டு விதியை மீறுகிறவள் இல்லை. செத்ததும் மைக்கை அணைத்துவிட்டுத் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பயிற்சியாளர் ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்ப்பார், ஆனால் எங்கள் கத்தல் தலைவலி என்று குரலை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார். படத்தில் தெரிவது என்ன? ஒரு பெண் கொஞ்சம் மெதுவாக இருக்கிறாள், அவ்வளவுதான். அவர் கேட்டால் அவளே முந்திக்கொண்டு, "என் தப்புதான் கோச், அக்கா சரியாத்தான் சொன்னா" என்பாள்.

அதைக் கேட்கும்போதெல்லாம் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. நான் கல் இல்லை, சார்.

தோற்றால் அந்தப் பெரிய அணி பின்வாங்கும், அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அவர்கள், "சரியாகிடும், காத்திருக்கிறோம்" என்றார்கள். மறுநாள் காலை அவள் டம்ளரை எடுத்தபோது நான் சாதாரணமாகத்தான் கேட்டேன்: "சிட்டு, உன் கை லேசா ஆடுதா?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அப்பாவின் படத்தைப் பார்த்தாள். அந்த ஒரு கேள்வியே போதுமாக இருந்தது.

டாக்டர்களிடம் நான்தான் கூட்டிப்போனேன். நரம்பு டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். வெளியே வந்து, "ஆரம்பத்துல தெரியாதாம்டி, அப்பாவுக்கும் இப்படித்தான் சொன்னாங்க" என்றேன். அது பொய் இல்லை, அப்பாவுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். நானும் அழுதேன், நடிப்புக்காக அல்ல.

'உடல்நலக் காரணங்களால் விலகுகிறார்' என்று அணி அறிவித்தது. வாசகம் நான் எழுதிக்கொடுத்தது.

அதன்பிறகு அவள் நாற்காலியில் ஆள் நிலைக்கவே இல்லை. முதலில் ஒரு குட்டைமுடிக்காரி வந்தாள், வாய் ஓயாது, கை அவ்வளவு வேகமில்லை. அவளுக்கு நான் சரியான நேரத்தில் "வா" சொன்னேன். ஒரே சீசனில் பெரிய அணி ஒன்று அவளைக் கொத்திக்கொண்டு போனது. அடுத்து நர்ஸ் வேலையை விட்டுவிட்டு வந்த ஒருத்தி, அவளும் போனாள். அதற்கடுத்தவளும் போனாள். ஒவ்வொருத்திக்கும் கேக் வெட்டி, கட்டிப்பிடித்து அனுப்பிவைத்தேன். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்கள் எனக்கு யார்?

உங்களுக்குச் சந்தேகம் வந்தது அதில்தான் என்று சொன்னீர்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்த எல்லாரும் மேலே போயிருக்கிறார்கள், இருந்ததிலேயே கெட்டிக்காரி மட்டும் வீட்டுக்குப் போயிருக்கிறாள். பிறகு போட்டி நடத்துபவர்கள் பதிவு செய்த எங்கள் குரல்களைக் கேட்டிருக்கிறீர்கள், அவளுக்கு மட்டும் என் "வா" பிந்தி வந்திருக்கிறது. சூதாட்டக்காரர்கள் யார், எவ்வளவு கொடுத்தார்கள் என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

இப்போது அவள் கை நிஜமாகவே நடுங்குகிறது. பயத்தினால்தான், நோய் ஒன்றும் இல்லை. சட்டைப் பொத்தான் நான்தான் போட்டுவிடுகிறேன். ஊட்டிவிடுகிறேன். முன்பெல்லாம் என்னோடு சண்டை போடுவாள், இப்போது போடுவதில்லை. நேற்று, "நீ இல்லைன்னா நான் என்னக்கா ஆயிருப்பேன்?" என்று கேட்டாள். என்ன ஆகியிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

ஆம், வேண்டுமென்றேதான் செய்தேன். ஒவ்வொரு முறையும், தெரிந்தே. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

நாளைக்கு அவளை வரவழைத்து அந்தப் பதிவைப் போட்டுக்காட்டப் போவதாகச் சொன்னீர்கள். அது மட்டும் வேண்டாம், சார். காசு வாங்கிக்கொண்டு தோற்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆயுள் முழுக்கத் தடை போடுங்கள், உலகமே காறித் துப்பட்டும். எனக்காகக் கேட்கவில்லை, அவளுக்காகத்தான் கேட்கிறேன். பாவம், என்னை விட்டால் அவளுக்கு யாருமில்லை. தன் கைக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தால், அவள் போய்விடுவாள்.