வெள்ளிக்கிழமைக்குள்ள கொஞ்சம் குறைக்கணும்

இல்லே இல்லே, ஹிப்னாடிசம்னு கடிகாரத்தையெல்லாம் ஆட்ட மாட்டார். யாரு சொன்னா உனக்கு? சினிமாவுல பார்த்தியா? நானும் அப்படித்தான் நெனச்சிண்டு வந்தேன். முதல் நாள் டாக்டர் பையில கை விட்டதும் நான் கண்ணை இறுக்க மூடிண்டுட்டேன். எடுத்தது கர்ச்சீஃப். மூக்கைச் சிந்திண்டார், அவ்வளவுதான்.

இப்படி ஜன்னலண்டை வந்து உட்காரு, காத்து வரது. தனியாவா வந்திருக்கே? ஓ, அண்ணா கொண்டு விட்டுட்டு ஆபீஸ் போயிட்டானா. என்ன கம்ப்ளெயின்ட்? மெதுவா சொல்லு, அவசரமில்லே. ... ஓஹோ. லெக்சரர் வேலைக்கு இன்டர்வியூ. பதில் எல்லாம் தெரியும், வாய் மட்டும் திறக்காது. அப்படின்னா சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கே. டாக்டர் ஹெர்பர்ட் வாய்க்கு ஸ்பெஷலிஸ்ட். பல்லுக்கு இல்லே, பேச்சுக்கு.

எனக்கா? எனக்கு உனக்கு நேர் மாறு. எங்காத்துக்காரர் உள்ளே டாக்டரோட பேசிண்டிருக்கார். ஒரு இருமல் கேக்கறதே, அது இவரோடதுதான். வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள என் பேச்சைக் கொஞ்சம் குறைச்சுக் குடுக்கணுமாம். எ ஸ்மால் ரிடக்ஷன், டாக்டர், கைண்ட்லின்னு காலையிலேர்ந்து கண்ணாடி முன்னாடி நின்னு ஒத்திகை பாத்துண்டிருந்தார். அவர் சொல்லி முடிச்சதும் என்னைக் கூப்பிடுவா. அது வரைக்கும் உனக்கு எல்லாம் சொல்றேன், கேட்டுக்கோ.

உள்ளே ஒரு சாய்வு நாற்காலி இருக்கு. தோல் போட்டது. உட்கார்ந்தா உள்ளே போயிண்டே இருப்பே. புடவையை முன்னாடியே சரி பண்ணிக்கோ, அப்புறம் எழுந்துக்கறது கஷ்டம். பெட்டின்னு ஒரு நர்ஸ், மூலையில உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவா, அதனால பயமே வேண்டாம். டாக்டர் திரையை இழுத்து விடுவார். எதிர்ச் சுவத்துல ஒரு பித்தளைக் குமிழ் இருக்கு, அதையே பாருன்னுவார். அப்புறம் கண்ணு கனக்கறது, கை கனக்கறது, கால் கனக்கறதுன்னு சொல்லிண்டே இருப்பார். அவர் தமிழ் இருக்கே, பட்லர் தமிழ். கண்ணு ரொம்ப வெயிட், காலு ரொம்ப வெயிட். சிரிப்பு வரும். வந்தா சிரிச்சுக்கோ, கோவிச்சுக்க மாட்டார்.

தூக்கமா? தூக்கம் இல்லேம்மா அது. வெளியில ஜட்கா போறது, பெட்டியோட ஊசி ஒண்ணோட ஒண்ணு இடிக்கறது, எல்லாம் கேக்கும். ஆனா எழுந்து போய் என்னன்னு பாக்கணும்னு தோணாது. பால் பொங்கினாலும் பொங்கட்டும்னு இருக்கும். கல்யாணமானதுலேர்ந்து நான் அப்படி ஒரு நாள் இருந்ததில்லே.

ரகசியமா? உளற மாட்டே. நானும் அதைத்தான் முதல்ல ஸ்லேட்டுல எழுதிக் கேட்டேன். உன் மனசு வேண்டாங்கறதை நான் மட்டுமில்லே, யார் வந்தாலும் செய்ய வைக்க முடியாதுன்னார். எத்தனை ஆழத்துக்குப் போனாலும் மனசு வாசல்ல உட்கார்ந்துண்டு யார் வரா யார் போறான்னு பாத்துண்டிருக்குமாம். இதை நன்னா ஞாபகம் வெச்சுக்கோ. நான் வெச்சிண்டிருக்கேன்.

ஆமாம், ஸ்லேட்டுதான். எனக்குத்தான் அப்போ குரலே இல்லையே! சிரிக்காதே, நெஜம். போன ஆனியிலேர்ந்து ஒரு வார்த்தை வரலே. தொண்டை டாக்டர்ட்ட போனோம். டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, எல்லாம் சரியா இருக்கு, இவாளுக்குப் பேச இஷ்டமில்லேன்னுட்டார். எனக்கா இஷ்டமில்லே! வாயைத் திறந்தா வெறும் காத்து. அப்புறம் யாரோ சொல்லித்தான் சாமராஜபேட்டையிலேர்ந்து இங்க ரிச்மண்ட் டவுனுக்கு வந்து சேர்ந்தோம்.

முதல் தடவை குமிழைப் பாத்துண்டே கனத்துப் போய்க் கிடக்கேன். உன் பேர் என்னன்னார். அனந்தலக்ஷ்மின்னேன். சத்தமா! பெட்டி ஊசியைக் கீழே போட்டுட்டா. எனக்கே யாருடா பேசறதுன்னு இருந்தது. எந்தப் பேட்டைன்னார், சொன்னேன். புருஷன் பேர் என்னன்னார். போச்சு. மறுபடியும் காத்து.

நீயே சொல்லு, எப்படிச் சொல்றது? ஆத்துக்காரர் பேரைச் சொன்னா அவருக்கு ஆயுசு குறையும்னு சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கா. ரேஷன் கார்டு எழுத வந்தவனுக்குக் கூட பக்கத்தாத்துப் பொண்ணைக் கூப்பிட்டுத்தான் சொல்ல வெச்சேன். டாக்டருக்கு இதெல்லாம் எங்க தெரியும்? ஆங்கிலோ இந்தியன், லண்டன்ல படிச்சவர். அவர் சம்சாரம் மாடியிலேர்ந்து அவர் பேரைச் சொல்லிக் கத்தறா, டீ ஆறிப் போறதுன்னு. அதனால, ஆஹா, வியாதி இங்கதான் இருக்குன்னு துள்ளிக் குதிச்சார். எழுதறதும் சொல்றதும் ஒண்ணுதானே, அதனால நான் ஜாடை பண்ணிப் பார்த்தேன். நெத்தியில விரலால நாமம் போட்டுக் காட்டினேன். ஏழுன்னு விரலைக் காட்டினேன். கையைக் குவிச்சு மலை காட்டினேன். திருப்பதிப் பெருமாள்னு பச்சைக் குழந்தைக்குக் கூடப் புரியும். செவன் ஹஸ்பண்ட்ஸான்னு கேக்கறார் மனுஷர்!

அப்புறம் வாராவாரம் இதே வைத்தியம். கனக்கறது, கனக்கறது, இப்போ நீ நந்தி மலை உச்சியில நிக்கறே, சுத்தி யாரும் இல்லே, அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடு. நான் மாட்டேன்னு தலையாட்டுவேன். அவர் ஆயுசுக்கு நான் கேரண்டின்னார். ஒரு நாள், என்ன தோணித்தோ, மலை மேல நல்ல காத்து அடிச்சதோ என்னவோ, கூப்பிட்டுட்டேன். சீனிவாசராகவன்!

இவர் ஓடி வந்தார் பாரு. நீ உட்கார்ந்திருக்கியே, இதே பெஞ்சுல பேப்பர் படிச்சிண்டிருந்தவர். கோட்டு பட்டனைப் போட்டுண்டே கதவைத் தள்ளிண்டு வந்து, விறைப்பா நின்னுண்டு, எஸ் சார்னார்! ஆபீஸ்ல பெரிய ஆபீஸருங்க மட்டும்தான் அவர் முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவா. அதைக் கேட்டா கால் தானா எழுந்துக்கறது. கூப்பிட்டது நான்னு தெரிஞ்சப்புறமும் கொஞ்ச நேரம் விறைப்பாவே நின்னார். பெட்டி ஸ்வெட்டராலயே வாயைப் பொத்திண்டா.

ஆயுசா? அதெல்லாம் ஒண்ணும் குறையலே. கல்லு மாதிரி இருக்கார். இருமல் முன்னாடியே உண்டு.

அன்னிக்கு வந்த குரல்தான், நிக்கலே. முதல் வாரம் இவரே சந்தோஷமா அக்காரவடிசல் பண்ணுன்னார். அடுத்த வாரம்தான் நான் என்ன பேசறேன்னு காது குடுத்துக் கேட்டார். சாத்தமுதுல உப்பு இல்லேன்னு வந்தவா எதிர்ல சொன்னார். உப்பு ஆயிடுத்துன்னு நேத்திக்கே சொன்னேனேன்னு நானும் வந்தவா எதிர்லயே கேட்டேன். அவர் ஆபீஸர் ஒரு நாள் ஆத்துக்கு வந்தார். இவர் சொன்னதைக் கேட்டு என்னமோன்னு நெனச்சேன், நீங்க நல்ல மனுஷரா இருக்கேளேன்னேன். அதுல என்ன தப்பு? அன்னிக்கு ராத்திரி இவர் மோரே சாப்பிடலே.

என்ன கேக்கறே? ... குரல் எப்படிப் போச்சுன்னா? பாரு, எத்தனை அழகா கேக்கறே! இதைக் கேக்கத் தெரிஞ்சவளுக்கு இன்டர்வியூ ஒரு பெரிசா?

எங்க பொண்ணு மங்கை பியூசில ஃபர்ஸ்ட் கிளாஸ். பாட்டனி படிக்கணும்னு உசிரை விடறா. இலை இலையா பறிச்சிண்டு வந்து, இவர் படிக்கற பேப்பருக்குள்ள வெச்சுக் காய வெப்பா. அப்போ மைசூர்லேர்ந்து ஒரு வரன் வந்து பார்த்தா. நல்லவாதான். பையனோட அம்மா என்னைப் பாத்து, பொண்ணு மேல படிக்கணும்னு இருக்காளா, உங்க அபிப்பிராயம் என்னன்னு கேட்டா. என் அபிப்பிராயத்தை ஒருத்தர் கேட்டது அதான் முதல் தடவை. வாயைத் திறந்தேன். இவர் முந்திண்டு, படிப்பெல்லாம் வேண்டாம், இவளுக்கும் அதே அபிப்பிராயம்தான்னுட்டார். திறந்த வாய் அப்படியே நின்னுடுத்து. அவா கிளம்பறச்சே போயிட்டு வாங்கோன்னு கூட வரலே.

அம்மாவுக்கு வந்தது பொண்ணுக்கும் வருமோன்னு அவா தயங்கினா. அதுக்குத்தான் இந்த வைத்தியமே. எனக்காகன்னு நெனச்சியா? குணமாயிடுத்துன்னு இவர் சொல்லி அனுப்பினார். வெள்ளிக்கிழமை நிச்சயம் பண்ண வரா. வாங்கோ, உட்காருங்கோ, காபி சாப்பிடுங்கோ, இவ்வளவு மட்டும் எனக்குப் பேச வந்தா போறுமாம். மிச்சத்தை டாக்டர் எடுத்துடணுமாம்.

இதோ பெட்டி வரா. கமிங், கமிங்! என் பையைக் கொஞ்சம் பாத்துக்கோம்மா.

இந்த வைத்தியத்துக்கு மாட்டேன்னு சொல்லிடணுமா? எதுக்கு மாட்டேன்னு சொல்லணும்? அந்த நாற்காலியை விட மனசு வருமா! போய் நன்னா சாஞ்சுப்பேன். கண்ணு கனக்கட்டும், காலு கனக்கட்டும், டாக்டர் என்ன வேணா சொல்லட்டும். என் மனசு வாசல்லதான் உட்கார்ந்திருக்கு. வெள்ளிக்கிழமை வாங்கோன்னு சொல்வேன். உட்காருங்கோன்னு சொல்வேன். காபி குடுப்பேன். தாம்பாளத்தை வாங்கிக்க இவர் கையை நீட்டறார் பாரு, அப்போ கூடத்துல அத்தனை பேர் எதிர்ல முழுப் பேரையும் சொல்லி ஒரே ஒரு தடவை கூப்பிடுவேன். அதுக்குக் குமிழும் வேண்டாம், நாற்காலியும் வேண்டாம். எழுந்து நின்னு எஸ் சார்னு சொல்லாம இருக்க அவரால முடியாது.

அவர் நின்னிண்டிருக்கறச்சேயே என் அபிப்பிராயத்தைச் சொல்லிடுவேன்.