நாத்தனார் குளத்து மீனும் என் குளத்து மீனும்

...மீன் குஞ்சுலதான் சார் கோளாறு, சந்தேகமே வேணாம்! மீன் ஆபீசுலேர்ந்து வந்துட்டு, தண்ணியை எதுக்குக் குப்பியில மொண்டு மொண்டு பாக்குறீங்க? தண்ணிக்கு என்ன காய்ச்சலா? மீனைப் பாருங்க சார், மீனை! ஆறு மாசமாச்சு. இன்னும் உள்ளங்கையைத் தாண்டலை.

பக்கத்துக் குளம் என் நாத்தனாரோடது. அதே நாளு, அதே வண்டியில வந்த குஞ்சு. அவளோடது முழங்கை நீளம்! தினமும் ஒண்ணைத் தூக்கிக் காட்டி, "அண்ணி, உங்க மீனு இன்னும் பால்குடி மறக்கலையா?"ங்கிறா. என்னா அக்கறை! இந்தத் தடவையும் வளரலைன்னா குளத்தை அவகிட்டயே விட்டுடறதா எங்க வீட்டுக்காரர் வாக்குக் குடுத்துட்டார். தங்கச்சின்னா உசுரு. நான் யாரு... சும்மா இருபது வருசமா ஆக்கிப் போடுறவ. நாளைக்கு அவ குளத்துல நான் வலை இழுக்கணும். தேவையா சார் எனக்கு?

என்னது? குளத்துத் தண்ணிக்குள்ள காத்தடிக்கிற மிஷினா? இருக்கே! கோணி போட்டுப் பத்திரமா மூடி வெச்சிருக்கேன். "அண்ணி, அதைப் போடுங்க, போடுங்க"ன்னு அவளும்தான் சொன்னா. அவ சொல்லி நான் கேக்கவா? மீனுக்கு என்ன வேர்க்குதா?

தீனியா... அதுல என்னைக் குறை சொல்லவே முடியாது! மூட்டையில ரெண்டு வேளைன்னு போட்டிருக்கான். நான் நாலு வேளை போடுறேன். பின்ன? விடிஞ்சும் விடியாம போய்ப் பாத்தா, அத்தனையும் மேல வந்து ஆ...ன்னு வாயைத் தெறந்துக்கிட்டு நிக்குது. மனசு கேக்குமா? கூடை கூடையா கொட்டுறேன். ஒண்ணையும் தொடுறதில்லை சார்! எல்லாம் அடியில போய் உக்காந்துக்குது. கொழுப்பு!

ஏன் சார், மருந்துச் சொட்டு விட்டதும் குப்பித் தண்ணி பச்சையாயிடுச்சு? ...அழுகின தீனியா? அதுல வர்ற விஷமா?

என்ன சொல்றீங்க... பசியில்லையா அது? மூச்சுக்கா? மூச்சு முட்டியா வாயைத் தெறந்துச்சு?

ஐயோ... மூச்சுக்குத் தவிச்சதுங்க மேலயா சார் தீனியைக் கொட்டினேன்? பாவி, ஆறு மாசமா!

ஏங்க! அந்தக் கோணியை எடுங்க! மிஷினைப் போடுங்க! ...என்ன, சுத்தலையா? துரு புடிச்சிருச்சா?

சார், நாத்தனார்கிட்ட ரெண்டு மிஷின் இருக்கு. நீங்க போய் ஒண்ணு கேட்டு... இல்ல, வேணாம். நானே போறேன். அவ சிரிப்பா. சிரிச்சுட்டுப் போகட்டும் சார், குடுத்தாப் போதும்.