ஓடுபாதைக்கு இந்தப் பக்கம்

— புடிச்சிட்டியா சுதா? இப்ப சக்கரத்த ஒன் பக்கம் இழு. அப்பறம் என் பக்கம் தள்ளு. டக்குன்னு எங்கயாச்சும் தட்டுதா?

— இல்ல.

— நல்லா இழு புள்ள. தொட்டில ஆட்டுற மாதிரி ஆட்டுனா எங்கிட்டுத் தட்டும்?

— போன வாரமும் தட்டல, அதுக்கு முந்தியும் தட்டல. விடிஞ்சா ஜெட்டிக்குக் கொண்டு போயி கப்பல்ல ஏத்தணும்தானே? இப்ப போயி ஜாக்கி வச்சுத் தூக்கிக்கிட்டு.

— கோன் செட்டு புதுசா மாட்டிருக்கேன்ல. ஹேண்டிலுக்கு அடியில இருக்கிற பேரிங்கு. அது ஒரு நூலு லூசா இருந்தாலும் இம்புட்டுப் பெரிய பைக்கு வேகத்துல தலைய ஆட்டிரும்.

— க்யா வேகம்? இந்த அந்தமான் தீவுல அறுபதத் தொட்டா அடுத்த வளைவு வந்துரும். டெலானிபூர் ஒர்க்ஷாப் மிஸ்திரி என்னா சொல்றார் தெரியுமா? ஒச்சப்பன் அண்ணன் வண்டிக்குக் காய்ச்சல் மெயின்லேண்டுல, மருந்து மட்டும் இங்கயான்னு.

— சொல்லிட்டுப் போறான். காய்ச்சல் எப்பிடி இருந்துச்சுன்னு எனக்குத்தான தெரியும்... இரு, பிளேன் எறங்குது. போகட்டும்.

— ம்.

— பாத்தியா? ஊருக்குள்ள நேரா இருக்கிற ஒரே ரோடு நம்ம செவுத்துக்கு அந்தப் பக்கம் கெடக்கு. ஒரே ஒரு தடவ அதுல விட்டாங்கன்னா, நூத்திப்பத்துல ஓட்டி, ஆடலன்னு ஒனக்குக் காட்டிருவேன்.

— ஆமா. பத்துபஸ்தி ஏரியாவுல வீட்டுக்கு வீடு ஒயரு இழுக்குற ஒச்சப்பனுக்கு ரன்வேய தொடச்சு வச்சிருக்காங்க. போய் ஓட்டுங்க.

— வேற எப்பிடித்தான் ஒனக்கு நம்பிக்கை வரும்? டயர மாத்தியாச்சு. ரெண்டு சக்கரத்துக்கும் பேலன்ஸ் பாத்தாச்சு. பின்னாடி ஷாக்கப்சர ரெண்டு ஆளு கனத்துக்கு ஏத்தி வச்சாச்சு. பின்பெட்டியவே கழட்டிட்டேன். இனிமே சுமையெல்லாம் ரெண்டு பக்கமும் கீழதான்.

— அன்னிக்கே சொன்னேன், பின்பெட்டி நெறையத் தேங்காய அடைக்காதீங்கன்னு. தூத்துக்குடில தேங்கா காய்க்காத மாதிரி.

— அந்தமான் தேங்கான்னா எங்க அக்காவுக்கு உசுரு.

— அதுக்காக நம்ம உசுர ஏத்திக்கிட்டுப் போனோம்.

— போகலல்ல? எட்டயபுரம் தாண்டுனதும் ஹேண்டிலு ரெண்டு பக்கமும் படபடன்னு அடிச்சுச்சு. மெரண்டு இறுக்கிப் புடிச்சிருந்தா இன்னும் ஆடிருக்கும். பிரேக்க மிதிச்சிருந்தா கதை முடிஞ்சிருக்கும். கைய தளத்தி, ஆக்சிலேட்டர மெதுவா கொறச்சேன். தானா அடங்கிருச்சு. ஒரு கீறல் இல்ல. ஆனா நீ எறங்குனவ எறங்குனவதான்.

— பின்னாடி வந்த பஸ்ஸ கை காட்டி நிப்பாட்டி ஏறிட்டேன்.

— மூணு வருஷமாச்சு. கடைத்தெருவுக்குக் கூட ஏறல.

— அதுக்குத்தான் ஸ்கூட்டர் வாங்கிக்கிட்டேன்தானே.

— நல்லா வாங்குன. கல்யாணம் காச்சின்னா நீ ஸ்கூட்டர்ல முன்னாடி, நான் இந்த யானையில பின்னாடி. ரெண்டு பேருக்கும் சண்டையான்னு பக்கத்து வீட்டு ஷோபனா என்கிட்டயே கேக்குறாங்க.

— நீங்க என்னா சொன்னீங்க?

— ஆமா சண்டைதான், சமாதானம் பண்ணி வைங்கன்னேன்.

— அச்சா, அதுதான் அவ நேத்து எனக்குப் பாயசம் கொண்டாந்து குடுத்தாளா?

— சிரிக்காத. இப்பப் போறது அக்கா மக கல்யாணம். மறுபடி அதே ரோடு. நான் கப்பல்ல போயி சென்னைல வண்டிய எறக்கி வச்சிருப்பேன். நீ பிளேன்ல வா. ஏர்போர்ட்டு வாசல்ல நிக்கிறேன். அங்கருந்து ரெண்டு பேரும் ஒண்ணா.

— எனக்கு ரயிலு போதும்.

— ஒன் ஹெல்மெட்டையும் வண்டியில கட்டிட்டேன்.

— அவுத்து உள்ள வைங்க.

— முதுகு காலியா இருக்கு சுதா. வளைவுல திரும்புறப்ப ஒன் கை ரெண்டும் என் வயித்துல அழுந்தும். அது இல்லாம இது வெறும் இரும்பு. ஓட்டவே பிடிக்கல.

— எனக்கு மட்டும் ஆசை இல்லையா? நான் பொறந்த கட்சால் தீவுல எந்த ரோட்டுல போனாலும், ரப்பர் மரம் முடியுற எடத்துல கடல் வந்து நிக்கும். இந்த ஊருலயும் அதே கததான். முடியாத ரோட்ட நான் அன்னிக்குத்தான் பாத்தேன். போய்க்கிட்டே இருந்துச்சு. ராத்திரி கண்ண மூடுனா இன்னும் அந்தக் காத்து மொகத்துல அடிக்குதுங்க.

— அப்பறம் என்னத்த பயம்? நீ பயந்தவளும் கெடையாதே. சுனாமி அன்னிக்குப் பக்கத்து லயத்து வீட்டுப் புள்ளைங்க ரெண்ட இடுப்புல தூக்கிட்டு மேட்டுக்கு ஓடுனவ.

— போதும்ங்க. வண்டில ஒரு கோளாறும் இல்ல. இனிமே பிரிக்காதீங்க. நீங்க பிரிக்கிறதப் பாக்க எனக்கு என்னமோ பண்ணுது.

— கோளாறு இல்லன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?

— தெரியும். வண்டிய நம்பலாம். பின்னாடி உக்கார்றவளத்தான் நம்ப முடியாது. அந்த ரோட்டுல ஏறினா நான் மறுபடியும்... வேணாம். நீங்க நல்லா இருக்கணும். அன்னிக்கு நான்...

— சொல்ல வேணாம் சுதா.

— சொல்லிடுறேன். மூணு வருஷமா சொல்லாமயே இருக்கேன்.

— வேணாம்ங்குறேன்ல. சாயங்கால வெயிலு வலது கைப்பக்கம். நம்ம நெழலு இடது பக்கமா, கொஞ்சம் முன்னாடி விழுந்து ரோட்டோட ஓடி வந்துச்சு. நான் அதையேதான் பாத்துக்கிட்டு வந்தேன்.

— எத?

— பின்னாடி இருந்தவ என்னைய விட்டுட்டு, ஃபுட்ரெஸ்ட்டுல ஊனி எந்திரிச்சு, ரெண்டு கையையும் அகலமா விரிச்சதத்தான். வண்டி தலைய ஆட்டுனது அதுக்கப்பறம்.

— அப்ப இருந்தே தெரியுமா உங்களுக்கு?

— அப்ப இருந்தே.

— தெரிஞ்சுக்கிட்டா தேங்கா மேல பழியப் போட்டீங்க? தெரிஞ்சுக்கிட்டா டயரு, பேரிங்குன்னு மூணு வருஷமா இதப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டுறீங்க? எதுக்குங்க?

— நீ மறுபடியும் கைய விரிப்பல்ல, அப்ப ஆடாம இருக்கணும்ல.