கடைசிப் பக்கத்திலிருந்து

புழல் பஸ்ஸில் திருவொற்றியூரில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். சின்னவள் மடியில் பைபிளைத் திறந்ததும் மூத்தவள் எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடி ஸ்டெல்லா, போன வாரம் யோவான்ல இருந்த. இப்போ லூக்காவா? பின்னாடி போய்கினு கீற?”

“கடைசிலேர்ந்துதான்க்கா படிச்சிகினு வர்றேன்.”

நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

“நல்ல கூத்து. நான்லாம் காலைல கண்ண மூடிகினு தொறப்பேன். வெரல் பட்ட வசனம்தான் அன்னிக்கு எனக்கு.”

“ஜெயில்ல அவரு ஆதியாகமத்துலேர்ந்து ஆரம்பிச்சிருக்காருக்கா. நான் இந்தப் பக்கத்துலேர்ந்து வர்றேன். நடுவுல ஒரு நாளு ரெண்டு பேரும் ஒரே பக்கத்துல நிப்போம்.”

“உன் வூட்டுக்காரரு படிப்பாராடி?”

“எழுத்துக் கூட்டித்தான். அதான் நான் கொஞ்சம் வேகமா வர்றேன்.”

“சரி, அதுக்காக தலைகீழா படிச்சா இன்னா புரியும்?”

ஸ்டெல்லா பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தாள். ஏரிக்கரை தெரிய ஆரம்பித்திருந்தது.

“நல்லாவே புரியுதுக்கா. மொதல்ல ஏசு உயிர்த்தெழுந்துட்றாரு. அதுக்கப்பறம்தான் சிலுவை வருது. இந்த வாட்டி அழாம படிச்சிட்டேன்.”