காலண்டர் தாளில் நாலு எழுத்து

காலண்டர் தாளைக் கிழித்தால் குப்பையில் போடுவதுதான் வழக்கம், சார். முத்துமாரி மட்டும் கம்பியில் குத்தி வைப்பாள். அப்படி வைக்கச் சொன்னவன் நான்தான்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு சங்கரன்கோவில், திருவேங்கடம், ராயகிரி என்று மூன்று கிளை. சங்கரன்கோவிலில் உள்ள மருந்து பிரிட்ஜின் வெப்பநிலை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று ஊர் கம்ப்யூட்டரிலும் பதிவாகும். ஒவ்வொரு பதிவுக்கும் எழுத்தும் எண்ணுமாகக் கம்ப்யூட்டரே போடும் ஒரு முத்திரை. முந்தைய முத்திரையிலிருந்துதான் அடுத்தது பிறக்கும். நடுவில் ஒன்றைத் திருத்தினால் பின்னால் உள்ளதெல்லாம் மாறிப்போகும். அதை அமைத்தவன் நான். மூன்று ஊர் கம்ப்யூட்டருக்கும் கடவுச்சொல் என்னிடம்தான். முத்துமாரியைத் திருவேங்கடத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்ட அன்று, "கம்ப்யூட்டர மட்டும் நம்பாத. சாயங்காலம் ஆறு மணி முத்திரையில கடைசி நாலு எழுத்த காலண்டர்ல எழுதி வையி" என்றேன். பிறகு அதை மறந்தே போனேன்.

அந்த ஞாயிறு காலை சர்வரின் யுபிஎஸ் படுத்துவிட்டது. பதிவு அறுந்துவிடக் கூடாதே என்று, இன்வெர்ட்டர் லைனில் இருந்த பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு சர்வரைச் செருகினேன். வேலையில் நான் அவ்வளவு கறார். எச்சரிக்கைச் செய்தி என் போனுக்குத்தான் வரும். கல்யாண வீட்டில் கவனிக்கவில்லை. திங்கள் காலை பார்த்தால் முப்பத்தொரு டிகிரி. பிளக்கை மாட்டினேன். பதிவுகளை ஐந்து டிகிரியாக்கி, மூன்று ஊரிலும் முத்திரைகளைப் புதிதாகப் போட்டேன். பாம்புக்கடி மருந்து பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது.

புதன்கிழமை செல்லப்பா என்ற விவசாயியைப் பாம்பு கடித்து உளுந்துக் காட்டிலிருந்து தூக்கி வந்தார்கள். நர்ஸ் ஃபஹீமா மருந்தை எடுக்கும்போது பக்கத்தில்தான் நின்றேன். சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். செல்லப்பாவின் மனைவி நெற்றியில் கோவில் புற்றுமண்ணோடு அழுதுகொண்டிருந்தார். "மருந்து ஏறுதுல்லா, ஒண்ணும் ஆவாதுக்கா" என்று தேற்றினேன். சாயங்காலமே செல்லப்பா இறந்துவிட்டார்.

மீதி மருந்தைச் சோதித்தபோது கெட்டுப்போனது தெரிந்தது. பிரிட்ஜ் சரியாக ஓடியதாகப் பதிவு சொன்னதால், ஃபஹீமாதான் மருந்தை வெளியே போட்டுவைத்தாள் என்று முடிவாயிற்று. நான் அவள் பெயரை எடுக்கவே இல்லை. பதிவை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், அவ்வளவுதான். அவளைக் கைது செய்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம்தான் முத்துமாரி அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாளோடு உங்களிடம் வந்தாள். ராகு காலத்துக்குக் கீழே நாலு எழுத்து. கம்ப்யூட்டரில் இருப்பது வேறு. வாய்க்கு வாய் அண்ணாச்சி என்று கூப்பிட்ட பிள்ளை, சார். செல்லப்பா செத்ததற்குக்கூட நான் இப்படி அழவில்லை.

ஸ்டேஷன் வாசலில், "மொதல்ல எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா, ஏட்டி" என்றேன்.

"கேட்டா தாளை வாங்கிக் கிழிச்சிருப்பிய, அண்ணாச்சி" என்றாள்.

என்னை எவ்வளவு தப்பாக நினைத்துவிட்டாள் பாருங்கள். கிழித்திருக்கவே மாட்டேன். எழுத்தை மட்டும் திருத்தி, அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்திருப்பேன்.