மேட்டுத் தண்ணியில் வெந்த பருப்பு

— அடுப்பை அணைச்சுட்டுக் கிளம்பு அம்சம். பண்ணைத் தோப்புல குடிசை போட்டு இருந்தவ, கீழ்வேளூர் ஓரத்துல இந்த மொட்டை மேட்டுல எப்படிப் பொழைப்பே?

— இருங்க காரியக்காரரே. பருப்பு இன்னும் வேகலை.

— எப்பவும் அய்யாம்பே. இப்ப காரியக்காரரே ஆயிட்டனா?

— பண்ணையாரு காரியத்தைத்தானே பாக்குறீங்க. என் குடிசைக்கு வந்த லைட்டு ஒயரை அறுத்தது நீங்க. பம்புசெட்டுத் தண்ணி மொள்ளக் கூடாதுன்னு கொடத்தைப் பிடுங்குனதும் நீங்க.

— மனைப்பட்டா கேட்டுத் தாசில்தாருகிட்ட மனுப் போடாம இருந்திருந்தா அதெல்லாம் நடக்குமா? குடியிருக்கிறவங்களுக்கே மனை சொந்தம்னு புதுச் சட்டம் வந்துட்டா பண்ணை பண்ணை இல்லாம போயிருமா? சொல்றதைக் கேளு. மனுவை வாபஸ் வாங்கிட்டுத் தோப்புலயே கெட. இங்க கரண்டு கம்பமே கிடையாது.

— பாத்தாச்சு. சிமினி வெளக்கு போதும். பொழுதோட ஆக்கித் தின்னுட்டுப் படுத்தா அதுவும் வேண்டாம்.

— ஐப்பசி வெள்ளம் வந்தா அடுப்போட அடிச்சுக்கிட்டுப் போவும்.

— அதுவும் பாத்தாச்சு. அந்தப் பனையில சேத்துக் கறை தெரியுதா? போன வருஷம் வெள்ளம் அதுக்கு மேல ஏறலை. நாம நிக்கிற எடம் அதை விட ரெண்டு மொழம் ஒசரம்.

— குடிக்க என்ன பண்ணுவே? இந்தப் பக்கம் தோண்டுனா உப்புத் தண்ணிதான் வரும், சொல்றதைக் கேளு.

— வேம்பு, ஒரு கரண்டி எடுத்து அவருக்குக் காட்டு.

— நசுக்கிப் பாருங்க. அக்காளும் நானும் தோண்டுன மொத ஊத்து உப்புதான், பருப்பு கல்லாவே கெடந்துச்சு. பத்தடி தள்ளித் தோண்டுனோம். இதுல பாருங்க, மாவா வெந்திருக்கு.

— ம்... வெந்துதான் இருக்கு. வயித்துப்பாட்டுக்கு?

— ரயிலடி மில்லுல நெல்லு அவிக்க ஆளு கேக்குறாங்க. கருவ முள்ளு வெட்டுனா வெறகு. சரிவுல கத்திரியும் கொத்தவரையும் போட்டா கொழம்புக்கு ஆச்சு. ஒரு கொடம் தண்ணிக்கு உங்க பண்ணை வாசல்ல இனிமே யாரும் நிக்க வேண்டாம்.

— எட்டு நாளா ஊரே இதைத்தான் பேசுது அம்சம். பண்ணையாரு காதுலயும் விழுந்துச்சு. நீயாப் போறதை அவரு தடுக்கலை. இதுல ஒரு கைநாட்டு மட்டும் வச்சிடு.

— என்ன எழுதியிருக்கு?

— பெருசா ஒண்ணும் இல்லை. மனசாரப் போறேன்னு.

— முழுசாப் படிங்க. காதால கேக்குறேன்.

— கேளு. ‘எனக்குச் சொந்தமான தோப்பில் இருபது வருஷமாகக் குடிசை போட்டுக் குடியிருந்து வரும் அம்சம், தன் மனையைத் தானே காலி செய்து என்னிடம் ஒப்படைப்பதற்கு இருவரும் சம்மதித்து எழுதிக்கொண்டது.’ கீழே பண்ணையாரு கையெழுத்து, நேத்துத் தேதி. போதுமா? இந்தா, பிடி. மை டப்பா இங்க இருக்கு, விரலை நீட்டு... ஏய், எதுக்கு மடிக்கிறே? வேம்புகிட்ட எதுக்குக் குடுக்குறே?

— ஓடு வேம்பு. தாசில்தாரு இன்னும் சத்திரத்துலதான் மனு வாங்கிக்கிட்டு இருக்காரு. நேரா அவரு கையிலயே குடுத்துடு.

— என்னடி இது? இந்த மேட்டுக்குக் குடி வரலையா நீ?

— வரேன்னு நான் எப்ப சொன்னேன்? இது வேம்புக்குப் பார்த்த எடம். அம்சம்னு ஒருத்தி தன் தோப்புல ஒரு நாளும் குடியிருந்ததே இல்லைன்னு தாசில்தாருகிட்ட சாதிச்ச உங்க பண்ணையாரு, இருபது வருஷமா இருக்கேன்னு கையெழுத்தே போட்டுக் குடுத்துட்டாரு.